36 டாலருக்கு விற்றதை 15 டாலருக்குத் திரும்ப வாங்குவது

சென்னையில் பிறந்த மென்பொருள் கம்பெனியான ஃப்ரெஷ்வொர்க்ஸ் பற்றி யாராவது பேச்செடுத்தால் சென்னை ஐடி வட்டாரத்தில் இரண்டு வாக்கியங்களில் ஒன்று கட்டாயம் வந்து விழும். "ஐந்நூறு பேரைக் கோடீஸ்வரன் ஆக்கின கம்பெனி" என்பது ஒன்று. "அதான் ஷேர் விழுந்துடுச்சே, அப்புறம் என்ன" என்பது இன்னொன்று. முதலாவது 2021 செப்டம்பர் 22-ம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலாகி மணி அடித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது, கம்பெனியும் அதன் ஷேர் விலையும் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. இரண்டையும் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. சாஸ் துறையிலேயே (மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் தொழிலிலேயே) குப்பை கொட்டுபவர்கள்கூட இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் காபியை முடித்துக்கொள்கிறார்கள். கம்பெனி தொடங்கக் காரணமான உடைந்த டிவி கதை, அதை நிறுவிய ரஜினி ரசிகர் கிரிஷ் மாத்ருபூதம் ஐபிஓ வேலைக்கு (முதன்முறையாகப் பொதுவில் பங்கு விற்கும் வேலைக்கு) 'ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்' என்று பெயர் வைத்த கதை எல்லாம் ஊருக்கே தெரியும், அவற்றை விட்டுவிடலாம். மணி அடித்த மறுநாளிலிருந்து நடந்ததைத்தான் யாரும் சரியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

எண்களை முதலில் வரிசையாக வைப்போம். பட்டியலுக்கு முந்தைய ஆண்டான 2020-ல் விற்பனை சுமார் 25 கோடி டாலர். 2021-ல் 37.1 கோடி. 2022-ல் 49.8 கோடி. 2023-ல் 59.6 கோடி. 2024-ல் 72 கோடி. நான்கே ஆண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஷேர் பக்கம் வாருங்கள். ஐபிஓ விலை 36 டாலர், முதல் நாள் 43.50-ல் திறந்து 47.55-ல் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 26-ஐ ஒட்டி இறங்கியது. 2022 முடிவில் 15-க்குக் கீழே. 2024 முடிவில் 16 சில்லறை. விற்பனை வரிசையில் ஓர் ஆண்டுகூட இறக்கம் இல்லை. விலை வரிசையைப் பார்த்தால் கம்பெனி மூழ்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஒரே கம்பெனி, ஒரே காலம்.

"மார்க்கெட் முட்டாள்" என்பார்கள் சிலர். "அப்பவே ஊதிப் பெருக்கின விலை" என்பார்கள் சிலர். இரண்டுமே பாதிக் கணக்கு. ஒரு ஷேரின் விலை மூன்று எண்களால் ஆனது: ஆண்டு விற்பனை, அந்த விற்பனையின் எத்தனை மடங்கைக் கொடுக்க மார்க்கெட் தயாராக இருக்கிறது என்பது, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை. முதல் இரண்டைப் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் விலை வந்துவிடும். முதல் நாள் முடிவில் பங்கு எண்ணிக்கை 28 கோடியை ஒட்டி இருந்தது. 47.55 டாலரால் பெருக்கினால் சுமார் 1,330 கோடி டாலர். 2021-ம் ஆண்டு விற்பனையால் வகுத்தால் 36 மடங்கு. 2024 முடிவில் பங்குகள் 30 கோடியைத் தாண்டிவிட்டன, விலை 16. மொத்த மதிப்பு சுமார் 485 கோடி டாலர், விற்பனையின் 7 மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது, பங்கு எண்ணிக்கை எட்டு சதவீதம் போலக் கூடியது, மடங்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் 47.55 என்பது 16 ஆகிவிடும். இதில் மர்மம் எதுவும் இல்லை.

மடங்கு ஏன் அப்படிச் சரிந்தது? வட்டி என்பது சுலபமான பதில். 2021-ல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் பதினொரு முறை ஏற்றி 5.25–5.50 சதவீதத்தில் நிறுத்தினார்கள். பத்து வருடம் கழித்து வரப்போகும் லாபத்துக்கு இன்று கொடுக்கும் விலை வட்டி ஏறினால் இறங்கும். லாபமே இனிமேல்தான் என்றிருக்கும் கம்பெனிகளுக்கு அடி இரட்டிப்பு. சாஸ் கம்பெனிகள் எல்லாமே அந்த அடியை வாங்கின. ஆனால் வட்டி மேல் மட்டும் பழி போட்டால், உள்ளே நடந்தது கண்ணில் படாது.

சீட் கணக்கு

வாடிக்கையாளர் புகார்களைக் கையாள உதவும் ஃப்ரெஷ்டெஸ்க் போன்ற மென்பொருளுக்குக் கட்டணம் ஏஜென்ட் கணக்கில், அதாவது அதில் உட்கார்ந்து பதில் சொல்லும் ஊழியர் ஒருவருக்கு ஒரு சீட். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் நூறு சப்போர்ட் ஏஜென்டுகள் இருக்கிறார்கள், ஆளுக்கு மாதம் 49 டாலர் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 58,800 டாலர். அந்த நிறுவனம் வளர்ந்தால் ஏஜென்டுகள் கூடுவார்கள், உயர்ந்த திட்டத்துக்கு மாறுவார்கள், பக்கத்திலேயே கம்பெனியின் இன்னொரு மென்பொருளான ஃப்ரெஷ்சர்வீஸும் வாங்குவார்கள். சென்ற ஆண்டு இருந்த அதே வாடிக்கையாளர்களிடமிருந்து இந்த ஆண்டு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லும் அளவுகோல்தான் நெட் டாலர் ரிட்டென்ஷன். விட்டுப் போனவர்களையும் இதில் கழித்துவிடுவார்கள். பட்டியலுக்குப் போகும்போது ஃப்ரெஷ்வொர்க்ஸின் எண் 118 சதவீதம். நம் உதாரணத்தில் 58,800 டாலர், புது வாடிக்கையாளர் ஒருவரைக்கூடப் பிடிக்காமல், அடுத்த ஆண்டு 69,384 ஆகிவிடும். 2024 வாக்கில் இந்த எண் 105-ஐ ஒட்டி வந்து நின்றது. அதே 58,800 இப்போது 61,740 மட்டுமே.

இந்த ஏழாயிரத்துச் சொச்சம் டாலர் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். மொத்தக் கம்பெனிக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் வளர வேண்டுமென்றால், 118 இருக்கும்போது கிட்டத்தட்ட முழுதும் பழைய வாடிக்கையாளர்களிடமிருந்தே வந்துவிடும். 105 இருக்கும்போது பதினைந்து சதவீதப் புள்ளிகளைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். புது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு விளம்பரம், விற்பனைப் பிரதிநிதி, கமிஷன், டெமோ, மூன்று மாதப் பேரம். விற்பனை, மார்க்கெட்டிங் செலவு மட்டுமே வருவாயில் பாதிக்கு மேல் போனது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு 2023-ல் 20 சதவீதம், 2024-ல் 21 சதவீதம் என்று வளர்ச்சி சமமாக ஓடுவதுபோல் தெரியும். உள்ளே அந்த வளர்ச்சியில் புதிதாகப் பிடிக்க வேண்டிய பங்கு கூடியிருந்தது.

எண் ஏன் இறங்கியது என்பதும் தெளிவு. 2022 இறுதியில் தொடங்கி உலகமெங்கும் டெக் கம்பெனிகள் ஆட்குறைப்பு செய்தன. வாடிக்கையாளரின் சப்போர்ட் குழுவில் முப்பது பேர் போனால், புதுப்பிக்கும் நாளில் முப்பது சீட் போய்விடும். மென்பொருளில் குறை ஏதும் இருக்க வேண்டியதில்லை. அதே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. டிக்கெட்டுக்கு (வாடிக்கையாளர் அனுப்பும் புகாருக்கு) இயந்திரமே பதில் எழுதிவிட்டால் ஏஜென்ட் எதற்கு, ஏஜென்ட் இல்லையென்றால் ஏஜென்ட் கணக்கில் கட்டணம் எங்கே என்று முதலீட்டாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஃப்ரெடி ஏஐ என்ற தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் காட்டி அதையும் விற்றது. இன்னொரு பக்கம் எடையை மெல்ல ஃப்ரெஷ்சர்வீஸ் பக்கம் மாற்றியது. கம்பெனிகளின் உள் ஐடி துறைக்கான மென்பொருள் அது. ஒருமுறை பொருத்திவிட்டால் பிடுங்குவது கடினம். 2024-ல் 23 கோடி டாலர் கொடுத்து டிவைஸ்42-ஐ வாங்கியதும் அந்த வழியில்தான். எந்த சர்வர் எங்கே ஓடுகிறது, எது எதோடு இணைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் பட்டியல் போடும் மென்பொருள் அது. என் கணிப்பில் ஐபிஓவுக்குப் பின் எடுத்த முடிவுகளில் இந்தத் திருப்பம்தான் உருப்படியானது. ஆனால் இதற்கு யாரும் கைதட்டவில்லை.

காகிதத்தில் கொடுத்த சம்பளம்

இனி அந்த ஐந்நூறு கோடீஸ்வரர்கள். ஆர்எஸ்யூ (ஊதியத்தின் பகுதியாக ஊழியருக்குக் கொடுக்கும் பங்கு) எப்படி வேலை செய்கிறது என்பது, அதை வாங்குபவர்களில் பாதிப்பேருக்கே வரி கட்டும் நாளில்தான் புரிகிறது. பட்டியலிடாத கம்பெனிகளில் இதற்கு இரண்டு நிபந்தனைகள் வைப்பது வழக்கம்: குறிப்பிட்ட காலம் வேலை பார்த்திருக்க வேண்டும், கம்பெனி பட்டியலுக்குப் போயிருக்க வேண்டும் அல்லது விற்கப்பட்டிருக்க வேண்டும். அதனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பங்குகள் ஐபிஓவோடு மொத்தமாகக் கைக்கு வரும். கம்பெனியின் கணக்கிலும் அத்தனை ஆண்டுச் செலவும் அந்த ஒரே காலாண்டில் ஏறும். 2020-ல் 5.7 கோடி டாலராக இருந்த நிகர நஷ்டம் 2021-ல் 19.2 கோடியாகத் துள்ளியதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

ஊழியர் பக்கம் ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். 4,000 பங்குகள், கைக்கு வரும் நாளில் விலை 40 டாலர், டாலர் 74 ரூபாய். மதிப்பு 1 கோடியே 18 லட்சம். இந்திய வருமான வரிச் சட்டத்தில் இது சம்பளம். பங்கை விற்றீர்களா, வைத்திருக்கிறீர்களா என்பதை அது கேட்காது. 2021-22 நிதியாண்டில் ஒரு கோடிக்கும் இரண்டு கோடிக்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு மேல் அடுக்கில் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 35.88 சதவீதம். அதற்காகக் கம்பெனி சுமார் 1,440 பங்குகளைப் பிடித்துக்கொண்டு வரியைக் கட்டிவிடும். மீதி 2,560 பங்குகள் உங்கள் கணக்கில். அன்றைய மதிப்பு கிட்டத்தட்ட 76 லட்சம். பொதுவாக 180 நாள் வரை லாக்-அப் (விற்கத் தடை) இருக்கும், நடுவில் தவணையாகத் திறப்பதும் உண்டு. திறந்த பிறகும் "இன்னும் ஏறும்" என்று வைத்திருந்தவர், 15 டாலரில், 80 ரூபாய் டாலரில் விற்றால் கிடைப்பது சுமார் 31 லட்சம். கட்டிய வரி 42 லட்சம். கைக்கு வந்ததைவிட வரிக்குப் போனது அதிகம்.

அந்த 45 லட்சம் இழப்பை வேறு எதிலாவது கழிக்க முடியுமா? சம்பளத்தில் கழிக்க முடியாது. மூலதன ஆதாயத்தில் மட்டும்தான். எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம், அதுவும் அந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால் மட்டுமே. நாஸ்டாக் பங்கு இந்திய எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடாதது என்பதால் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் நீண்டகாலம். நீண்டகால இழப்பை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும், குறுகியகால இழப்பை இரண்டிலும் கழிக்கலாம். எனவே விற்பதானால் 24 மாதத்துக்கு முன்பா பின்பா என்பது நஷ்டத்திலும் முக்கியம். இதோடு வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பட்டியல். ஒரு பங்குகூட விற்காவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். அதுவும் நிதியாண்டுக் கணக்கில் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கில். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து, வீடு மனை நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். கோடீஸ்வரர் செய்தி போட்ட பத்திரிகைகளில் இவை வந்து பார்த்த ஞாபகம் இல்லை.

கம்பெனிக்கும் இந்தக் காகிதச் சம்பளம் ஒரு சுருக்குக் கயிறு. ஊழியருக்கு வாக்களிப்பது பெரும்பாலும் டாலர் மதிப்பில், கொடுப்பது பங்கு எண்ணிக்கையில். 30,000 டாலர் மதிப்புக்குப் பங்கு என்றால், விலை 45 இருக்கும்போது 667 பங்கு போதும். விலை 15 ஆனால் 2,000 பங்கு. விலை இறங்க இறங்க அதே ஆளை வைத்திருக்க மூன்று மடங்கு பங்கை அச்சடிக்க வேண்டும். அச்சடித்தால் இருக்கும் பங்குகள் நீர்த்துப்போகும், அது விலையை இன்னும் அழுத்தும். ஃப்ரெஷ்வொர்க்ஸின் பங்குவழி ஊதியச் செலவு ஆண்டுக்கு 20 கோடி டாலர் அளவில் தொடர்ந்தது. 2024-ல் நிகர நஷ்டம் 9.5 கோடி, ஆனால் இலவச ரொக்க ஓட்டம், அதாவது செலவெல்லாம் போக மிஞ்சும் ரொக்கம், 15.3 கோடி வரவு. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு எப்படி ரொக்கம் மிஞ்சுகிறது என்றால், சம்பளத்தில் ஒரு பெரும்பகுதி ரொக்கமாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 6

அந்த ஆண்டு மே 1-ம் தேதி கிரிஷ் சிஇஓ நாற்காலியிலிருந்து எழுந்து நிர்வாகத் தலைவரானார். கூகுள், ட்ராப்பாக்ஸ் வழியாக வந்து 2022-ல் பிரெசிடென்ட்டாகச் சேர்ந்திருந்த டென்னிஸ் உட்சைட் சிஇஓ ஆனார். அன்றே காலாண்டு முடிவும் வந்தது. டிவைஸ்42 அறிவிப்பும் அன்றுதான். கூடவே ஆண்டு விற்பனைக் கணிப்பைச் சற்றே குறைத்தார்கள். மறுநாள் ஷேர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. பொதுக் கம்பெனியின் நான்கு தவணைப் பரீட்சை இப்படித்தான். கணிப்பைத் தாழ்த்திச் சொல்லி, தாண்டிக் காட்டி, அடுத்த கணிப்பை உயர்த்த வேண்டும் என்பது எழுதாத விதி. அதைத் தவறவிட்டால் விற்பனை இருபது சதவீதம் வளர்ந்தாலும் அடிதான்.

நவம்பர் 6 அன்று வந்த அறிவிப்பில் மூன்று விஷயங்கள் ஒரே தாளில் இருந்தன. மூன்றாம் காலாண்டு விற்பனை 18.66 கோடி டாலர், 22 சதவீத வளர்ச்சி, கணிப்பும் உயர்வு. ஊழியர்களில் 13 சதவீதம், சுமார் 660 பேர், குறைப்பு. 40 கோடி டாலர் வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டம் (பைபேக்). மறுநாள் ஷேர் கால் பங்குக்கு மேல் ஏறியது. கிரிஷ் முன்பு வேலை பார்த்த ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு பெயர் சொல்லாமல் எக்ஸ் தளத்தில் கடுமையாக எழுதினார்: நூறு கோடி டாலர் ரொக்கம் வைத்துக்கொண்டு, வளர்ந்துகொண்டும் இருக்கிற கம்பெனி ஆட்களை அனுப்பினால் ஊழியரிடம் இனி விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது, அதிலும் பைபேக்குக்கு 40 கோடி இருக்கும்போது, என்பது சாரம். ஜோஹோ பட்டியலுக்குப் போகாத கம்பெனி. அவரால் அப்படிப் பேச முடியும் என்பதும், ஒவ்வொரு காலாண்டும் பதில் சொல்ல வேண்டிய உட்சைட்டால் முடியாது என்பதும் அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

விவாதம் முழுக்க அந்த 660 பேரைச் சுற்றியே நடந்தது. நியாயம்தான். ஆனால் அந்த 40 கோடியை யாரும் ஐபிஓ கணக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 2021-ல் கம்பெனி புதிதாக வெளியிட்டு விற்றது 2.85 கோடி பங்குகள், தலா 36 டாலர், மொத்தம் 102.6 கோடி. அண்டர்ரைட்டர்களின் (ஐபிஓவை விற்றுக்கொடுக்கும் வங்கிகளின்) கூடுதல் ஒதுக்கீட்டை இதில் சேர்க்கவில்லை. மூன்று ஆண்டு கழித்தும் கையிருப்பு நூறு கோடியை ஒட்டித்தான் இருந்தது. அதாவது ஐபிஓ பணம் ஏறக்குறைய அப்படியே வங்கியிலும் பாண்டுகளிலும் உட்கார்ந்திருந்தது. இப்போது 40 கோடியை எடுத்து, 15 டாலர் என்று வைத்தால், 2.67 கோடி பங்குகளை வாங்கலாம். விற்ற பங்குகளில் ஏறக்குறைய அத்தனையும் திரும்பி வரும், பெட்டியில் 60 கோடி டாலருக்கு மேல் மிச்சமும் இருக்கும். ஷேர் விழுந்ததில் எல்லோரும் தோற்றார்கள் என்பது இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது. 36 கொடுத்து வாங்கியவர் தோற்றார். 40-ல் வரி கட்டிய ஊழியர் தோற்றார். கம்பெனி என்கிற சட்டபூர்வ உருப்படி, தன் வாழ்நாளிலேயே மலிவான மூலதனத்தை அந்த ஒரு நாளில் திரட்டிக்கொண்டது. பன்னிரண்டு மாதம் தாமதித்து 2022 செப்டம்பரில் போயிருந்தால் அதே பங்குகளுக்குப் பாதி கிடைத்திருந்தாலே அதிசயம்.

ஆனால் அந்த லாபம் பங்குதாரரிடம் போய்ச் சேர்ந்ததா என்றால், அங்கேதான் காகிதச் சம்பளம் குறுக்கே வருகிறது. ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஊதியம், 15 டாலர் விலையில், 1.3 கோடிப் பங்குகளுக்கு மேல். வரிக்குப் பிடித்ததுபோகக் கொஞ்சம் குறையும். இரண்டு, மூன்று ஆண்டில் வெளியே போகும் பங்குகளுக்கும் 40 கோடி கொடுத்து உள்ளே இழுப்பதற்கும் சரியாகிவிடும். பைபேக் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, அன்று காகிதமாகக் கொடுத்த சம்பளத்தைத் தாமதமாக ரொக்கமாகக் கட்டுவது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அதைப் 'பங்குதாரருக்குத் திருப்பித் தருகிறோம்' என்று எழுதுவதுதான் உறுத்துகிறது.

2025-ல் விற்பனை 80 கோடி டாலரைத் தாண்டியது, வளர்ச்சி வேகம் பதினைந்து சதவீதத்தை ஒட்டி இறங்கியது. டிசம்பர் 1-ம் தேதியோடு கிரிஷ் நிர்வாகத் தலைவர் பொறுப்பிலிருந்தும் விலகி, டுகெதர் ஃபண்ட் என்ற தன் முதலீட்டு நிதியின் பக்கம் போய்விட்டார். இந்தக் கம்பெனியையோ, இனி பட்டியலுக்கு வரப்போகும் சென்னைக் கம்பெனி எதையுமோ தொடர்ந்து பார்க்க நினைப்பவர்கள் செய்தி அறிக்கையின் முதல் பத்தியைத் தாண்டிவிட்டு நேராக ரொக்க ஓட்டப் பட்டியலுக்குப் போங்கள். மூன்று வரிகள் போதும். பங்குவழி ஊதியம் எவ்வளவு, ஊழியர் பங்குகளின் வரிக்காகக் கம்பெனி கட்டியது எவ்வளவு, பைபேக்குக்குப் போனது எவ்வளவு. இரண்டாவது வரி நிதி நடவடிக்கைகள் என்ற பகுதியில் கீழே கிடக்கும். இலவச ரொக்க ஓட்டத்தில் அதைக் கழித்திருக்க மாட்டார்கள், நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு அறிக்கையின் முகப்புப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பங்கு எண்ணிக்கையைச் சென்ற ஆண்டின் முகப்போடு ஒப்பிடுங்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸில் ஏ வகுப்பு, பி வகுப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும், பி பங்கு ஒன்றுக்குப் பத்து ஓட்டு. இரண்டையும் கூட்ட மறந்துவிட்டால் கணக்கு தப்பும்.